கோழிகளிடம் பாடம் படித்தவர்

குழந்தைகளே! உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ கோழி வளர்க்கிறார்களா? புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்துக்குப் போனாலும் நாலு தெரு நடந்தால் போதும். எத்தனை விதமான கோழிகள்! கழுத்தில் ஓர் இறகுகூட இல்லாத கழுத்தறுத்தான் கோழி, தலையில் பூப்பந்து வைத்ததுபோல் கொண்டைக்கோழி, வயிறு தரையில் உரசும் குட்டைக்கால் கோழி, நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் சண்டைக்கோழி. நிறமோ, கேட்கவே வேண்டாம்!

நான் ஆசிரியராக இருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு கேள்வி கேட்டான். ஊரிலுள்ள காக்கைகளெல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, கொக்குகளும் ஒரே மாதிரி இருக்கின்றன, கோழி மட்டும் ஏன் சார் வீட்டுக்கு வீடு வேறு மாதிரி இருக்கிறது என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பதில் தெரியவில்லை! நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு நூலகத்துக்குப் போனேன்.

அங்கேதான் தெரிந்தது, அதே கேள்வியை 170 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார் என்று. சும்மா கேட்டுவிட்டு இருக்கவில்லை. கோழி வளர்ப்பவர்களின் வீடு தேடிப் போனார். கண்காட்சியில் கோழிக்கு மதிப்பெண் போடும் நடுவர்களோடு நட்புக் கொண்டார். நம் சென்னையிலிருந்துகூடக் கோழித் தோல்களை வரவழைத்தார். அவர் பெயர் சார்லஸ் டார்வின்.

டார்வின் என்றதும் குரங்குதானே நினைவுக்கு வருகிறது? குரங்குக் கதை அப்புறம் இருக்கட்டும். இன்று கோழிக் கதை.

சார்லஸ் டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா பெரிய டாக்டர். டார்வினுக்கு 8 வயதாகும்போது அம்மா சூசன்னா இறந்துவிட்டார். பள்ளிக்கூடப் பாடத்தில் பையனுக்கு மனம் ஒட்டவில்லை. வண்டு, சிப்பி, கல் என்று எதையாவது பொறுக்கிக்கொண்டே இருப்பார். நாயும் துப்பாக்கியுமாகச் சுற்றும் இவன் குடும்பத்துக்கே தலைகுனிவைத் தேடித் தருவான் என்று அப்பா ஒருமுறை கடிந்துகொண்டாராம்.

மகனையும் டாக்டராக்க நினைத்து 1825இல் எடின்பரோவுக்கு அனுப்பினார் அப்பா. அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. கட்டிப்போட்டுத்தான் அறுவை சிகிச்சை செய்வார்கள். ஒரு குழந்தைக்கு நடந்த சிகிச்சையைப் பார்க்க முடியாமல் டார்வின் பாதியிலேயே வெளியே ஓடினார். மருத்துவப் படிப்பு அத்தோடு சரி. அடுத்து, பாதிரியார் ஆகலாம் என்று கேம்பிரிட்ஜ் போனார். அங்கும் வண்டு பிடிப்பதுதான் முக்கியப் பாடம்! ஒரு நாள் இரண்டு கையிலும் இரண்டு வண்டுகள். மூன்றாவதாக ஓர் அபூர்வ வண்டு கண்ணில் பட்டது. கையிலிருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மூன்றாவதைப் பிடிக்கப் போனார். வாய்க்குள் போன வண்டு எரிச்சலான திரவத்தைப் பீய்ச்சியது. துப்பிவிட்டார். மூன்றாவது வண்டும் தப்பிவிட்டது. (நீங்கள் இதை முயன்று பார்க்க வேண்டாம்!)

1831 டிசம்பரில் பீகிள் என்ற கப்பலில் உலகைச் சுற்றக் கிளம்பினார். திரும்பி வந்தது 1836 அக்டோபரில். இந்தப் பயணத்தைப் பற்றி உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். தென் அமெரிக்காவுக்கு மேற்கே உள்ள காலபாகஸ் தீவுகளில் ஒவ்வொரு தீவுக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட பறவைகளைப் பார்த்தார். உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற எண்ணம் ஊர் திரும்பியபின் அவர் மனத்தில் வேர் விட்டது. ஆனால் எப்படி மாறுகின்றன? யார் மாற்றுகிறார்கள்? அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடக்கும் வேலை. உட்கார்ந்து பார்க்க முடியுமா?

1839இல் எம்மா என்ற பெண்ணை மணந்தார். எம்மா யார் தெரியுமா? டார்வினின் தாய்மாமன் மகள்! நம் ஊர் முறைபோலவே இருக்கிறதே என்கிறீர்களா? ஆமாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது வரும்.

1842இல் லண்டனுக்கு அருகில் டவுன் என்ற சிற்றூரில் பெரிய தோட்டம் உள்ள வீட்டில் குடியேறினார்கள். டார்வினுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். வெளியூர் போவதே குறைவு. ஆகவே கடிதம் எழுதினார். அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 15,000 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தக் கடிதங்களில் கணிசமானவை புறா, கோழி, வாத்து, முயல் பற்றியவை!

ஏன் கோழி? இங்கேதான் டார்வினின் மூளை வேலை செய்தது. காட்டில் நடக்கும் மாற்றத்தைப் பார்க்க ஆயுள் போதாது. ஆனால் மனிதர் வளர்க்கும் பறவைகளில் மாற்றம் கண் முன்னே நடக்கிறதே! அதைச் செய்பவர்களையே கேட்டால் என்ன?

அப்போது இங்கிலாந்தில் கோழிப் பைத்தியம் பிடித்திருந்தது. 1835இல் சேவல் சண்டைக்குத் தடை வந்தது. 1845இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதன்பின் ஊருக்கு ஊர் கண்காட்சிதான். சீனாவிலிருந்து வந்த பெரிய கோழிகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. விக்டோரியா மகாராணியே கோழி வளர்த்தார். பிரம்மா என்று ஓர் இனம். பெயரைக் கேட்டதும் நம் நாட்டுக் கோழி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் உருவாக்கி, நம் பிரம்மபுத்திரா ஆற்றின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். 1852இல் அதில் 9 கோழிகள் மகாராணிக்குப் பரிசாகப் போயின.

கண்காட்சியில் வரிசையாகக் கூண்டுகள். நடுவர் ஒவ்வொரு கூண்டாக வருவார். கோழி பெரிதாக இருக்கிறதா, அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க மாட்டார். அந்த இனத்துக்கு உரிய இலக்கணத்தில் அது இருக்கிறதா என்று பார்ப்பார். கொண்டை எப்படி இருக்க வேண்டும், அதில் எத்தனை முனை, தாடி எவ்வளவு நீளம், கால் என்ன நிறம், வால் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நம் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை வாங்கும்போது பெரியவர்கள் சுழி பார்ப்பார்களே, திமில் பார்ப்பார்களே, அதுபோலத்தான். இந்த விதிகளையெல்லாம் தொகுத்து 1865இல் ஒரு புத்தகமாகவே போட்டார்கள். மாணவர்களுக்கு நன்னூல் மாதிரி, கோழிக்கு ஓர் இலக்கண நூல்!

அந்த நூலைத் தொகுத்தவர் வில்லியம் டெகெட்மையர். கோழிக் கண்காட்சிகளில் நடுவர். புறாப் பித்தர். பத்திரிகையில் கோழி பற்றி எழுதுபவர். டார்வினுக்கு 1855இல் இவருடைய பழக்கம் கிடைத்தது. கடிதத்துக்கு மேல் கடிதம். இந்த இனத்தில் குஞ்சு பொரிக்கும்போது என்ன நிறம்? அந்த இனத்தில் கோழிக்கும் கொண்டை உண்டா? இறந்துபோன நல்ல இனக் கோழி இருந்தால் அனுப்ப முடியுமா? டெகெட்மையர் சலிக்காமல் பதில் எழுதினார். இறந்த கோழிகளையும் கூடையில் வைத்து அனுப்பினார்.

டார்வின் அவற்றை வேகவைத்து, சதையை நீக்கி, எலும்புகளை அளந்தார். ஒருமுறை இறந்து பல நாளான பறவை. நாற்றம் தாங்காமல் டார்வினுக்கும் வேலைக்காரருக்கும் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. வேலையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் எலும்பை விடவில்லை. காட்டு வாத்தையும் வீட்டு வாத்தையும் நிறுத்துப் பார்த்தார். முழு எலும்புக்கூட்டின் எடையோடு ஒப்பிட்டால், வீட்டு வாத்துக்குச் சிறகு எலும்பு லேசாகவும் கால் எலும்பு கனமாகவும் இருந்தன. பறக்காமல் நடந்தே பழகினால் அப்படித்தானே!

1855இல் தோட்டத்தில் புறாக்கூடு கட்டினார். விலைக்குக் கிடைத்த புறா வகைகளை எல்லாம் வாங்கிவிட்டார். சாதாரணப் புறாவுக்கு வாலில் 12 இறகு. விசிறிவால் புறாவுக்கோ 30, சிலவற்றுக்கு 40! லண்டனில் இரண்டு புறாச் சங்கங்களில் உறுப்பினரானார். அங்கே வந்தவர்கள் பலரும் சின்னக் கடை வைத்திருப்பவர்கள், கைத்தொழில் செய்பவர்கள். உலகம் சுற்றிய பெரிய விஞ்ஞானி அவர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்த மனிதர்களுக்கு, வேறு யார் கண்ணுக்கும் தெரியாத சிறு வித்தியாசம் தெரியும். ஒரு மயிரிழை அலகு நீளம் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நடுவரின் கண் என்றால் அதுதான்.

அவர்களிடமிருந்து டார்வினுக்கு ஒரு செய்தி கிடைத்தது. கேளுங்கள்.

ஸ்பானிஷ் என்று ஒரு கறுப்புக் கோழி இனம். அதன் சேவலுக்குக் கொண்டை பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு பக்கமாகத் துவண்டு தொங்கும். இனிமேல் ஸ்பானிஷ் சேவலின் கொண்டை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். தொங்கினால் பரிசு இல்லை! என்ன ஆயிற்று? நாலைந்து ஆண்டுகளில் நல்ல ஸ்பானிஷ் சேவல்கள் எல்லாவற்றுக்கும் கொண்டை நிமிர்ந்துவிட்டது!

போலிஷ் என்று இன்னோர் இனம். அதற்குத் தாடி போன்ற இறகு வேண்டும் என்றார்கள் நடுவர்கள். 1860இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சிக்கு வந்த 57 கூண்டுகளிலும் ஒன்று பாக்கியில்லாமல் தாடிக் கோழிகள்!

சேவலுக்கு ஆணை போட்டால் அது கேட்குமா? கொண்டையை நிமிர்த்து என்றால் நிமிர்த்துமா? கேட்காது. வளர்ப்பவர்கள் என்ன செய்தார்கள் என்றால், குஞ்சுகளில் கொஞ்சமாவது கொண்டை நிமிர்ந்த சேவலைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மற்றவை சமையலறைக்குப் போயின. அதன் குஞ்சுகளில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது எதுவோ அதை வைத்துக்கொண்டார்கள். இப்படியே நாலைந்து தலைமுறை. அவ்வளவுதான் ரகசியம். விதியை எழுதியது ஒரு தாளில். அது போய் உட்கார்ந்தது கோழியின் உடம்பில்.

இதற்குப் புத்தகமும் கண்காட்சியும் வேண்டும் என்பதுகூட இல்லை. உங்கள் பாட்டி அடை வைக்க முட்டை எடுக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? எல்லா முட்டையையும் வைக்க மாட்டார். நிறைய முட்டையிட்ட கோழியின் முட்டை, குஞ்சைப் பருந்திடமிருந்து காப்பாற்றிய கோழியின் முட்டை என்று பார்த்து வைப்பார். சோம்பேறிக் கோழி வாரச் சந்தைக்குப் போய்விடும். பாட்டிக்குத் தெரியாமலே பாட்டியும் ஓர் இனத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்! இப்படி அறியாமலே நடக்கும் தேர்வைப் பற்றியும் டார்வின் விரிவாக எழுதினார்.

சரி, வீட்டில் தேர்ந்தெடுப்பது மனிதன். காட்டில் நடுவர் யார்? குளிர், வறட்சி, பசி, பருந்து, நோய். இவைதான் அங்கே நடுவர்கள். அவற்றில் தேறியது குஞ்சு பொரிக்கும். தேறாதது போய்விடும். காட்டு நடுவருக்கு அழகு பற்றிக் கவலையில்லை, அவசரமும் இல்லை. இலட்சக்கணக்கான ஆண்டுகள் பொறுமையாக வேலை செய்வார். இதற்கு இயற்கைத் தேர்வு என்று டார்வின் பெயர் வைத்தார்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். இங்கிலாந்துக் கோழிகளை மட்டும் பார்த்தால் போதாது, கோழியின் பூர்வீகம் கீழை நாடுகள்தான் என்று டார்வினுக்குத் தெரியும். 1855இல் கிளாஸ்கோ நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் வால்டர் எலியட் என்பவரைச் சந்தித்தார். எலியட் சென்னை மாகாணத்தில் உயர் அதிகாரி. பறவை, காசு, கல்வெட்டு என்று எல்லாவற்றிலும் ஆர்வம் உள்ளவர். உங்கள் நாட்டுக் கோழி, புறாத் தோல்களை அனுப்புங்கள் என்று 1856 ஜனவரியில் டார்வின் அவருக்குக் கடிதம் எழுதினார். சூயஸ் கால்வாய் இன்னும் வெட்டப்படாத காலம். சென்னையிலிருந்து தோல்கள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தன. நம் தெருவில் கூவிய ஏதோ ஒரு சேவலின் தோல், டார்வினின் மேசைமீது!

புறா பற்றிப் பாரசீக மொழியில் எழுதப்பட்ட பழைய நூல் ஒன்றின் பகுதிகளையும் எலியட் டார்வினுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார். அக்பர் சக்கரவர்த்தியிடம் 20,000 புறாக்கள் இருந்தன என்ற செய்தியையும் டார்வின் தம் நூலில் மறக்காமல் எழுதியிருக்கிறார். எலியட்டைப் பற்றி இன்னொரு செய்தி சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1887இல் அவர் இறந்த அன்று காலையில்கூட, தமிழ் நூல் ஒன்றின் பதிப்பு பற்றி நம் ஜி.யு. போப்புக்குக் கடிதம் எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கல்கத்தா அருங்காட்சியகத்தில் குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்த எட்வர்ட் பிளித் என்பவரும் காட்டுக்கோழிகள் பற்றி டார்வினுக்கு நிறைய எழுதினார். இந்தோனேசியத் தீவுகளில் பறவை சேகரித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் வாலஸ் என்ற இளைஞரும் 1856இல் ஒரு வாத்தை டார்வினுக்காக அனுப்பினார். இந்த வாலஸிடமிருந்துதான் 1858 ஜூன் மாதம் இடி போல ஒரு கடிதம் வந்தது. டார்வின் 20 ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்த அதே இயற்கைத் தேர்வுக் கருத்தை வாலஸும் தனியாகவே கண்டுபிடித்து எழுதியிருந்தார்! அதே நாட்களில் டார்வினின் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. வாலஸின் கடிதத்தை மறைத்துவிடவில்லை டார்வின். நண்பர்களிடம் கொடுத்துவிட்டார். ஜூலை 1ஆம் நாள் இருவர் பெயரிலும் கட்டுரைகள் லண்டன் சங்கம் ஒன்றில் படிக்கப்பட்டன.

அதன்பின் வேகவேகமாக எழுதிய புத்தகம்தான் உயிரினங்களின் தோற்றம். பதிப்பாளர் ஒரு நண்பரிடம் கருத்துக் கேட்டார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு டார்வின் புறாவைப் பற்றி மட்டும் எழுதினால் நன்றாக விற்கும் என்று அவர் யோசனை சொன்னார்! நல்லவேளை, டார்வின் கேட்கவில்லை. 1859 நவம்பர் 24ஆம் நாள் வந்த அந்த நூலின் விற்பனைப் பிரதிகள் எல்லாவற்றையும் கடைக்காரர்கள் உடனே வாங்கிக்கொண்டார்கள். ஆனால் முதல் அத்தியாயத்தில் நிறைய இடம் புறாவுக்குத்தான்!

கோழிக்கு முறை வந்தது 1868இல். வீட்டு விலங்குகளையும் பயிர்களையும் பற்றி அவர் எழுதிய இரண்டு பெரிய தொகுதிகளில் ஓர் அத்தியாயம் முழுக்கக் கோழி. நம் மாணவனின் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. உலகத்துக் கோழிகள் எல்லாமே ஒரே காட்டுக்கோழியிலிருந்து வந்தவை, அது செங்காட்டுக்கோழி என்றார் டார்வின். காக்கையை யாரும் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை; அது ஒரே மாதிரி இருக்கிறது. கோழியை வீட்டுக்கு வீடு தேர்ந்தெடுத்தார்கள். அது வீட்டுக்கு வீடு மாறிவிட்டது.

இதற்கு ஒரு சோதனையும் செய்தார். கறுப்பு ஸ்பானிஷ் சேவலையும் சில்க் எனப்படும் வெள்ளைப் பட்டுக் கோழியையும் சேர்த்தார். பிறந்த குஞ்சுகள் கரிக்கட்டையாக இருந்தன. அவற்றில் ஒரு சேவல் வளர வளர நிறம் மாறியது. கழுத்திலும் முதுகிலும் சிவப்பும் பொன்னும் மின்னின. கறுப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்தது, ஏறக்குறைய செங்காட்டுச் சேவலாக நின்றது! மறைந்திருந்த பூட்டன் முகம் பேரனிடம் வந்ததுபோல.

அடை உட்காராத இரண்டு இனங்களைக் கலந்தால், பிறக்கும் கோழி சில சமயம் நன்றாக அடை உட்காருகிறது என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

ஆனால் இனத்தைத் தூய்மையாக வைக்கிறேன் என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணைத்தால் என்ன ஆகும்? இதற்கும் ஒரு கோழிக் கதை உண்டு. சர் ஜான் செப்ரைட் என்ற பிரபு பல இனங்களைக் கலந்து, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு, ஒரு குட்டிக் கோழி இனத்தை உருவாக்கினார். ஒவ்வோர் இறகுக்கும் கறுப்புக் கரை. சரிகைப் புடவை மாதிரி இருக்கும். சேவலுக்கும் பெட்டையின் வால்தான் இருக்க வேண்டும் என்பது விதி. (தூய இனம் என்கிறார்களே, அது பிறந்ததே கலப்பில்தான் என்பதைக் கவனித்தீர்களா?) அந்த அழகைக் காப்பாற்ற நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்துக்கொண்டே போனார்கள். விளைவு? முட்டை பொரிக்கவில்லை. ஒரு பண்ணையில் இரண்டு அடை முட்டை வைத்து ஒரு குஞ்சுகூட வரவில்லை என்று டார்வின் எழுதியிருக்கிறார்.

இதை எழுதும்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! எம்மா அவருடைய தாய்மாமன் மகள் அல்லவா? அவர்களுக்குப் பிறந்தவர்கள் 10 பேர். மூவர் சிறுவயதிலேயே இறந்தார்கள். செல்ல மகள் ஆனி 1851இல் 10 வயதில் போய்விட்டாள். மற்ற பிள்ளைகளுக்கும் அடிக்கடி உடல்நலக் குறைவு. செப்ரைட் கோழிக்கு நேர்ந்ததுதான் தம் வீட்டிலும் நேர்கிறதோ என்று டார்வின் பயந்தார். பயத்தை மறைத்து வைக்கவில்லை. நாடு முழுக்கக் கணக்கெடுத்துப் பார்த்துவிடுவோம் என்று நினைத்தார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கணவனும் மனைவியும் நெருங்கிய உறவா என்ற கேள்வியைச் சேர்க்கும்படி நண்பர் ஒருவர் மூலம் நாடாளுமன்றத்தில் கேட்டார். உறுப்பினர்கள் ஏற்கவில்லை. பிறகு மகன் ஜார்ஜ் தாமே விவரம் திரட்டி 1875இல் கட்டுரை எழுதினார். பயந்த அளவுக்குத் தீங்கு தெரியவில்லை என்று முடிவு வந்தது. டார்வினுக்குக் கொஞ்சம் ஆறுதல். இன்று மருத்துவர்கள் இதை இன்னும் நுட்பமாகச் சொல்கிறார்கள்: நெருங்கிய உறவில் மணந்தால் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கும், ஆனால் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும்.

ஏன் அப்படி என்பது டார்வினுக்குக் கடைசிவரை புரியவில்லை. பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்று மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடியை வைத்து 1866இலேயே எழுதியிருந்தார். அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. விலங்குக்கும் அந்த விதி பொருந்தும் என்று 1902இல் பேட்சன் என்பவர் காட்டினார். எதை வைத்து? கோழிக் கொண்டையை வைத்து!

டார்வின் 1882 ஏப்ரல் 19ஆம் நாள் டவுன் வீட்டில் காலமானார். லண்டனில் அரசர்கள் பலர் அடக்கம் செய்யப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நம் நாட்டை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கதை இத்துடன் முடியவில்லை குழந்தைகளே. நம் தென்னிந்தியாவுக்கென்று ஒரு காட்டுக்கோழி இருக்கிறது. சாம்பல் காட்டுக்கோழி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அதிகாலையில் அதன் குரல் கேட்கும். சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகுத் துளி சிந்தியதுபோல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள். மீன்பிடி தூண்டிலில் கட்டுவதற்காக வெளிநாட்டார் இந்த இறகுக்கு ஆசைப்பட, ஒரு காலத்தில் ஏராளமாக வேட்டையாடினார்கள். இந்தக் கோழி நம் வீட்டுக்கோழியின் முன்னோர் இல்லை என்று டார்வின் ஒதுக்கிவிட்டார். அதன் கழுத்து இறகின் அமைப்பு வேறு. வீட்டுக்கோழியோடு சேர்ந்தால் பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் மலடு. இவை அவர் சொன்ன காரணங்கள்.

2008இல் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் கோழியின் மரபணுவை ஆராய்ந்தார்கள். பெரும்பகுதி டார்வின் சொன்னதுபோல் செங்காட்டுக்கோழிதான். 2020இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, அந்தச் செங்காட்டுக்கோழி முதலில் வீட்டுக்கு வந்தது சீனத்தின் தென்மேற்கு, தாய்லாந்தின் வடபகுதி, மியான்மர் பக்கம் என்று இடத்தையே காட்டியது. ஆனால் 2008 ஆய்வில் ஒரே ஒரு மரபணு மட்டும் அகப்பட்டுக்கொண்டது. தீனியில் உள்ள மஞ்சள் சத்தைத் தோலில் சிதைக்காமல் தங்கவிடும் மரபணு. கோழிக்கு மஞ்சள் கால் வருவது இதனால்தான். செங்காட்டுக்கோழியின் கால் சாம்பல் நிறம். அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வந்தது? டார்வின் ஒதுக்கிய நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து!

எப்போதோ ஒருமுறை ஏதோ ஓர் ஊரோரத்தில் அந்தக் காட்டுக்கோழி நம் வீட்டுக்கோழியோடு சேர்ந்திருக்கிறது. பிறந்த குஞ்சுகளில் ஏதோ ஒன்றாவது மலடாக இல்லாமல் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதன் மஞ்சள் காலைப் பார்த்து யாரோ ஒரு பாட்டிக்குப் பிடித்துப்போய், அதன் முட்டையை அடை வைத்திருக்க வேண்டும். இன்று உலகம் முழுதும் கோடிக்கணக்கான கோழிகளுக்கு மஞ்சள் கால்.

இப்போது நம் மாநிலத்திலும் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்கு அழகுப் போட்டி நடத்துகிறார்கள். அலகு கிளிபோல் வளைந்திருக்க வேண்டும், வால் விரிந்து நீண்டிருக்க வேண்டும் என்று நடுவர்கள் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் போனால், அலகையும் வாலையும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் காலின் நிறத்தைப் பாருங்கள்.